துடைத்துப் போடும் தாள்

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் குந்தாரப்பள்ளி சந்தை சூடுபிடித்துவிடும். ஆடும் மாடும் ஏற்றிய டெம்போக்கள் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்து நிற்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே பேரத்துக்குள் புகுந்து புறப்படும். அங்கே வியாபாரிகளின் தோளில் கிடக்கும் துண்டுக்கு ஓய்வே கிடையாது. வியர்வை துடைக்கும், வெயிலுக்குத் தலையில் ஏறும், மர நிழலில் விரித்தால் பாயாகும், சாப்பிட்டுக் கை அலம்பியதும் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். ராத்திரி வீட்டில் சோப்புப் போட்டு அலசினால் காலையில் கொடியில் காய்ந்து கிடக்கும்.

சந்தையைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலைக்கு வந்தால் காட்சி வேறு. வரிசையாக ஓட்டல்கள். ஒவ்வொரு மேசையிலும் முக்கோணமாக மடித்துச் செருகிய டிஷ்யூ. ஒரு மசால் தோசைக்கு நாலு தாளை உருவுகிறவர்கள் உண்டு. அதில் இரண்டு தட்டைத் துடைக்கவே போய்விடும். காருக்குத் திரும்பினால் பின்கண்ணாடி ஓரம் ஒரு டிஷ்யூ டப்பா, குழந்தை சீட்டுக்குப் பக்கத்தில் வெட் வைப்ஸ். ஓசூர் அடுக்ககத்து வீட்டில் சமையல் மேடை மேல் கிச்சன் ரோல். விருந்தாளி அறைக் கழிவறையில், ‘யாராவது வெளிநாட்டுக்காரர் வந்தால் இருக்கட்டும்’ என்று வாங்கி வைத்த டாய்லெட் ரோல் ஒன்று.

வெளிநாட்டுக்காரர் வருவதும் இங்கே நடக்கிற காரியம்தான். குருபரப்பள்ளியில் தைவான் நாட்டு டெல்டா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று கிருஷ்ணகிரி மாவட்டம் தொழிற்சாலைகளால் நிரம்பிக்கொண்டிருக்கிறது. அவற்றோடு சம்பளமும் பெங்களூரு வாழ்க்கைமுறையும் வந்தன. டிஷ்யூவும் அந்த வழியில்தான் வீட்டுக்குள் நுழைந்தது.

‘சூழலுக்கு உகந்த டாய்லெட் பேப்பர் எது?’ என்று தேடுகிறவருக்குக் கிடைக்கிற ஆலோசனை பெரும்பாலும் அமெரிக்கக் குடும்பத்துக்கு எழுதப்பட்டது. மூங்கில் வாங்குங்கள், மறுசுழற்சி வாங்குங்கள், முடிந்தால் தண்ணீருக்கு மாறுங்கள் என்று அது முடியும். தண்ணீரில் தொடங்கியவர்கள் நாம். நம் வீட்டில் காகிதம் கழிவறை வழியாக வரவில்லை. சாப்பாட்டு மேசை, சமையலறை, தொட்டில் இந்த மூன்று வழியாக வந்தது. ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்வியும் கொஞ்சம் வேறு.

கைக்குட்டையை வீழ்த்திய விளம்பரம்

காகிதத்தால் துடைக்கும் வழக்கம் சீனத்தில் பிறந்தது. கி.பி. 6-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே ஓர் அறிஞர், மூத்தோர் வாக்குகள் எழுதிய தாளைக் கழிவறைக்குப் பயன்படுத்தத் துணிய மாட்டேன் என்று குறித்துவைத்திருக்கிறார். கி.பி. 851-இல் எழுதப்பட்ட அரபுப் பயணக் குறிப்பொன்று, சீனர்கள் தண்ணீரால் கழுவாமல் காகிதத்தால் துடைத்துக்கொள்கிறார்கள் என்று முகம் சுளிக்கிறது. கழுவுகிறவர்களுக்கும் துடைக்கிறவர்களுக்கும் நடுவே உள்ள பரஸ்பர அருவருப்புக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் வயது.

கடைச் சரக்காக அது வந்தது 1857-இல், நியூயார்க்கில் ஜோசப் கயெட்டி என்பவர் தாள் தாளாக விற்கத் தொடங்கியபோது. முகம் துடைக்கும் டிஷ்யூவின் கதை இன்னும் சுவையானது. முதல் உலகப் போரில் காயத்துக்குப் பஞ்சுக்குப் பதிலாக வைக்க, மரக்கூழிலிருந்து ஒரு பொருளை கிம்பர்லி-கிளார்க் நிறுவனம் தயாரித்தது. போர் முடிந்தது, சரக்குக்கு வேறு வேலை தேட வேண்டும். 1924-இல் ‘க்ளீனெக்ஸ்’ என்ற பெயரில், பெண்கள் முகக் கிரீமைத் துடைத்தெடுக்கும் தாளாக அது கடைக்கு வந்தது. வாங்கியவர்களோ அதில் மூக்குச் சிந்தினார்கள். நிறுவனம் சட்டென்று பிடித்துக்கொண்டது. சளியைச் சட்டைப் பையில் சுமந்து திரிவதா என்று கைக்குட்டையையே அசிங்கமாக்கிக் காட்டும் விளம்பரங்கள் 1930-களில் வந்தன. தேவை முளைத்துப் பொருள் வரவில்லை. கையில் பொருள் இருந்தது, அதற்கொரு தேவை உண்டாக்கப்பட்டது. இன்றைக்கு ‘கிச்சன் ரோல் இல்லாமல் மாடுலர் கிச்சனா?’ என்று கேட்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

அங்கே காடு, இங்கே கரும்புச் சக்கை

அமெரிக்காவின் இயற்கை வளப் பாதுகாப்புக் கவுன்சில் (என்.ஆர்.டி.சி.) 2019-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலக மக்கள்தொகையில் 4 விழுக்காடே உள்ள அமெரிக்கர்கள், உலக டிஷ்யூவில் 20 விழுக்காட்டுக்கு மேல் தீர்க்கிறார்கள் என்றது அது. அந்த மென்மைக்காகக் கனடாவின் வடகோடிக் காடுகள் வெட்டப்படுகின்றன என்பது அதன் குற்றச்சாட்டு. பிராண்டுகளுக்குப் பள்ளிக்கூடம்போல மதிப்பெண்ணும் போட்டது. அங்கே பெயர்பெற்ற ‘சார்மின்’ வாங்கியது ‘எஃப்’. நம் கணக்கில் ஃபெயில். மறு ஆண்டு அக்டோபரில் அதன் தாய் நிறுவனமான பிராக்டர் அண்ட் கேம்பிளின் பங்குதாரர்களே, வாக்கில் மூன்றில் இரண்டு பங்கு போட்டு, காடழிப்பு பற்றிக் கணக்குக் காட்டச் சொன்னார்கள்.

இந்தியாவில் நிலைமை அப்படியே பொருந்தாது. 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளிடமிருந்து பெற வேண்டும் என்றது. இன்று நம் காகித ஆலைகளுக்குப் போகிற மரத்தில் பெரும்பகுதி தைலமரம், சவுக்கு, சவுண்டல்: பட்டா நிலத்திலும் தோட்டத்திலும் வளர்ந்தவை. இந்தியக் கூழில் செய்த டிஷ்யூவை வாங்கினால் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடு போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்தியச் சந்தைக்கு இந்தோனேசியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் பெரிய உருளைகளாகவும் டிஷ்யூ வருகிறது. அதை இங்கே வெட்டி, மடித்து, பாக்கெட் போட்டு விற்கிறார்கள். பாக்கெட் மேல் ‘இந்தியத் தயாரிப்பு’ என்றிருந்தாலும் கூழ் சுமத்ராவிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

மரமே வேண்டாம் என்றால் தமிழ்நாட்டுக்குச் சொந்தமான விடை ஒன்று இருக்கிறது. குந்தாரப்பள்ளியிலிருந்து சேலம் வழியாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போனால் கரூர் மாவட்டத்தில், காவிரிக்கரையை ஒட்டி, காகிதபுரம். தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979-இல் பதிவாகி 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் என்பதுதான் அதன் அடையாளம்; ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் சக்கையை அது பயன்படுத்துகிறது. ஆலையில் சுத்திகரித்த கழிவுநீர், விவசாயிகள் சங்கம் ஒன்றின் வழியாகச் சுமார் 1,500 ஏக்கர் நிலத்துக்குப் பாய்கிறது. அந்த ஆலையின் பெயர் அச்சுத்தாளுக்கும் எழுதுதாளுக்கும்தான். ஆனால் அங்கே தேர்ச்சி பெற்ற தொழில்நுட்பத்தின் அடிப்படை டிஷ்யூவுக்கும் அதேதான். சக்கை இழை குட்டையானது. குட்டை இழை தாளுக்கு மென்மை தரும், நீள இழை வலுத் தரும். டிஷ்யூவுக்கு வேண்டியது மென்மை.

சக்கையை ‘வீணாய்ப் போவது’ என்று விளம்பரங்கள் சொல்வதை மட்டும் அப்படியே வாங்கிக்கொள்ளக் கூடாது. சர்க்கரை ஆலையில் சக்கை வீணாவதில்லை. கொதிகலனில் எரிகிற விறகு அதுதான். அதைக் காகித ஆலைக்குக் கொடுத்துவிட்டால் சர்க்கரை ஆலை எதை எரிக்கும்? அதனால்தான் காகித ஆலை பதிலுக்கு நிலக்கரியோ நீராவியோ கொடுத்துச் சக்கையை வாங்குகிறது. மரம் மிச்சமாகிறது, வேறோரிடத்தில் கரி எரிகிறது. இதனால் சக்கைத் தாள் மோசம் என்றாகிவிடாது. மரக்கூழ், சக்கை, மூங்கில் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தமிழ்நாட்டுக் குடும்பம் சக்கையைத் தேர்ந்தெடுப்பதே சரி. ஆனால் ‘பூமிக்குப் பாரமே இல்லாத தாள்’ என்று ஒன்று கிடையாது.

மூங்கில் என்ற மந்திரச் சொல்

இப்போது கடைகளிலும் ஆன்லைனிலும் எடுபடுகிற சொல் மூங்கில். வேகமாய் வளரும், வெட்டினால் துளிர்க்கும், மரமல்ல, புல். எல்லாம் உண்மை. இருந்தும் எச்சரிக்கை வேண்டும். அதற்கான பாடம் ஓசூர் எல்லைக்கு அப்பால் கர்நாடகத்திலேயே கிடைக்கிறது.

வட கன்னட மாவட்டத்துத் தண்டேலியில் 1950-களில் ஒரு பெரிய காகித ஆலை வந்தது. காட்டு மூங்கில் பெயரளவு விலைக்கு ஆலைக்குக் கொடுக்கப்பட்டது. இருபது ஆண்டுக்குள் மூங்கில் முடையும் தொழிலாளர்கள் தங்களுக்கு மூங்கில் கிடைக்கவில்லை என்று முறையிட்டார்கள். காரணம் அறிய 1970-களில் மாநில அரசின் சார்பில் ஆய்வுக்குப் போனவர் சூழலியலாளர் மாதவ் காட்கில். அவர் கண்டது மலைக்க வைத்தது. மூங்கில் புதரின் அடியில் முள் கிளைகள் பின்னிக் கிடக்கும். வெட்டுவதற்கு இடைஞ்சல் என்று அவற்றை அகற்றிவிட்டு மூங்கிலை எடுத்தார்கள். முள் போனதும் அடியில் முளைத்த குருத்துகளை மாடும் காட்டு விலங்கும் மேய்ந்து தீர்த்தன. புதர் மறுபடி எழவில்லை. முள்ளைத் தொடக்கூடாது என்பது அந்த ஊர் மக்களுக்கு முன்பே தெரியும். அவர்களை யாரும் கேட்கவில்லை. மூங்கில் மளமளவென்று வளரும் என்பது, வளர விட்டால்தான்.

அண்மைச் செய்திகளும் உண்டு. பிரிட்டனின் ‘விச்?’ என்ற நுகர்வோர் அமைப்பு 2024-இல் மூங்கில் டாய்லெட் ரோல்களைச் சோதித்தது. மூங்கில் என்று விற்ற ஐந்து பிராண்டுகளில் இரண்டில் மூங்கில் வகை இழை 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை, மீதி மரக்கூழ். 2025-இல் அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொன்றைச் சொன்னார்கள்: சீனாவில் நிலக்கரி மின்சாரத்தில் தயாராகும் மூங்கில் டிஷ்யூ, கரிம உமிழ்வில் அமெரிக்க மரக்கூழ் டிஷ்யூவை விட மேலானதல்ல. செடி எது என்பதைப்போலவே ஆலைக்கு எந்த மின்சாரம் என்பதும் கணக்கில் வருகிறது.

போட்ட பிறகு எங்கே போகிறது?

ஆலோசனைக் கட்டுரைகள் தாள் எங்கிருந்து வருகிறது என்பதோடு நின்றுவிடும். குந்தாரப்பள்ளி, குருபரப்பள்ளி, சூளகிரி வட்டாரத்து வீடுகளுக்கு அதைவிட முக்கியம் தாள் எங்கே போகிறது என்பது. இங்கே ஊராட்சிகளில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். கழிவறையில் போட்டது எதுவோ அது வாசலுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கும்.

எது கரையும், எது கரையாது என்று பார்க்க மூன்று பழைய தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளலாம். பாதியளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றில் டாய்லெட் பேப்பர் ஒரு தாள், இன்னொன்றில் கிச்சன் ரோல் ஒரு தாள், மூன்றாவதில் வெட் வைப் ஒன்று. மூடிக் குலுக்க வேண்டும். நல்ல டாய்லெட் பேப்பர் கொஞ்ச நேரத்தில் நார் நாராகப் பிரிந்து தண்ணீரைக் கலக்கிவிடும். கிச்சன் தாள் கசங்குமே தவிரக் கரையாது. மறுநாள் காலையிலும் முழுசாகக் கிடக்கும். வெட் வைப்பைப் பிழிந்து மறுபடி முகமே துடைக்கலாம்.

காரணம் எளிது. கிச்சன் ரோலிலும் முகம் துடைக்கும் டிஷ்யூவிலும், நனைந்தாலும் கிழியாமலிருக்க ஒரு பிசின் சேர்க்கிறார்கள். அதே பிசின்தான் அவற்றை மறுசுழற்சிக்கும் ஆகாமல் செய்கிறது. டாய்லெட் பேப்பரில் அந்த நீடித்த வலு வேண்டுமென்றே தவிர்க்கப்படுகிறது. ‘எல்லாம் வெள்ளைத் தாள்தானே’ என்று கிச்சன் டிஷ்யூவைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், அது தொட்டியின் மேல்படலத்தில் மிதந்து, வெளியேறும் குழாயின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

வெட் வைப்ஸ் இன்னும் மோசம். அதன் பெயரிலேயே பேப்பர் இல்லை. பலவற்றில் பாலியெஸ்டர் இழை, அதாவது பிளாஸ்டிக். லண்டன் ஒயிட்சேப்பல் பகுதியில் 2017 செப்டம்பரில் சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளத்துக்கு ஒரு கெட்டிப்பாறை கண்டுபிடிக்கப்பட்டது. எடை 130 டன். சமையல் கொழுப்பும் வெட் வைப்ஸும் இறுகிச் சேர்ந்தது அது. அதில் ஒரு துண்டை மறு ஆண்டு லண்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கே வைத்தார்கள். நம் ஊரில் அருங்காட்சியகத்துக்குப் போகாது. கழிவுநீர் லாரியின் உறிஞ்சு குழாயில் சிக்கும். ‘ஆளை இறக்கி எடுத்துவிடலாம்’ என்று யாரோ சொல்வார்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இருந்தும் சாவுச் செய்திகள் நிற்கவில்லை. ‘கழிவறையில் போடலாம்’ என்று அச்சடித்த வெட் வைப்ஸாக இருந்தாலும் குப்பைத் தொட்டியில்தான் போட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை.

பாலியெஸ்டர் வேண்டாம், ‘தாவர இழை’ என்று விஸ்கோஸில் வருவதை வாங்கலாமே என்று தோன்றும். மரக்கூழைக் கரைத்து நூலாக்குவதுதான் விஸ்கோஸ். மக்கும் என்பது சரி. அதைத் தயாரிக்கும்போது என்ன ஆகும் என்று சிறுமுகைக்காரர்களுக்குத் தெரியும். அங்கே இயங்கிய தென்னிந்திய விஸ்கோஸ் ஆலை பவானி ஆற்றைக் கெடுத்ததை எதிர்த்து 1990-களில் மக்கள் போராடியது தமிழ்நாட்டுச் சூழல் வரலாற்றில் ஒரு பெரிய அத்தியாயம்.

படுக்கையில் கிடக்கும் பெரியவரைப் பராமரிக்கிற வீட்டில், கைக்குழந்தையோடு பஸ் ஏறுகிற தாயிடம் இதையெல்லாம் சட்டமாகப் பேச முடியாது. அவர்களுக்கு அது தேவை. வீட்டில் இருக்கிறபோது குழந்தைக்குப் பஞ்சும் வெந்நீரும், வெளியே போனால் வைப்ஸ் என்று பிரித்துக்கொண்டாலே பாக்கெட் பாதிக்கு மேல் மிஞ்சும்.

தண்ணீருக்கும் கணக்கு உண்டு

அப்படியானால் தண்ணீரும் துணியும் என்று பழைய வழியிலேயே இருந்துவிடலாமா? பெரும்பாலும், ஆம். ஆனால் அதைப் பெருமையாகச் சொல்லும் முன் கெலவரப்பள்ளி அணை வரை போய்வர வேண்டும்.

நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருக்குக் கிழக்கே வந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்குள் நுழைகிறது. வழியில் பெங்களூரின் கழிவுநீர் அதில் கலக்கிறது. 2017 பிப்ரவரியில் தீப்பிடித்து எரிந்து உலகச் செய்தியான பெல்லந்தூர் ஏரியின் நீரும் இந்தப் பக்கம்தான் வடிகிறது. அணையில் தண்ணீர் திறந்தால் பல நாள் வெள்ளை நுரை மலையாய்ப் பொங்கி, காற்றில் பறந்து, சாலையையே மறைக்கும். அந்த நுரைக்கு முக்கியக் காரணம் சோப்புத்தூள். டிஷ்யூவைத் தவிர்த்துத் துணிக்கு மாறுகிற வீடு, கரண்டி கரண்டியாய்ச் சோப்புத்தூள் கொட்டித் துவைத்தால் கணக்கு நேராகிவிடும். பெங்களூரின் அழுக்கு நம் ஆற்றில் வருகிறது என்று கோபப்படுகிற ஓசூரின் சாக்கடையும் கீழே யாருக்கோ போய்ச் சேர்கிறதுதானே.

தண்ணீரே இங்கே அருமையான பொருள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டங்கள் தருமபுரியும் கிருஷ்ணகிரியும். ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட பிறகுதான் பல ஊர்களுக்குக் காவிரி கிடைத்தது. கழிவறையில் கழுவ ஒரு மக் தண்ணீர் போதும். கை ஃபாசெட்டில் சில விநாடி. அதற்குப் பிறகு ஃபிளஷில் ஒரே அழுத்தாக அழுத்தி விடுகிறோமே, தண்ணீர் போவது அங்கேதான். காகிதமா தண்ணீரா என்று வாதம் செய்கிற நேரத்தில் இரட்டைப் பொத்தான் ஃபிளஷ் ஒன்றை மாட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரிகிற மிச்சம் கிடைக்கும். கழுவிய பின் ஈரம் துடைக்கத்தான் காகிதம் வேண்டும் என்கிறவர்களுக்கு ஓரிரு தாள் போதும். ஆளுக்கொரு சிறு பருத்தித் துண்டு தொங்கவிட்டுத் தினம் துவைப்பதும் பழைய வழிதான்.

சமையலறைக்குத் துணி என்றதும் கடையில் போய் புதுத்துணி வாங்குவது இன்னொரு அபத்தம். பருத்தி விளைவிக்கத் தண்ணீர் வேண்டும், மருந்து வேண்டும். கிழிந்த வேட்டி, நைந்த பனியன், பழைய ஈரிழைத் துண்டு எந்த வீட்டில் இல்லை? எந்திரம் துடைக்கும் பட்டறைகளில் ‘பனியன் வேஸ்ட்’ மூட்டை சர்வசாதாரணம். திருப்பூரில் வெட்டிக் கழித்தது அது. எண்ணெய்க் கை துடைக்க அதைவிட உசத்தியான பொருளை எந்த ஆலையும் இன்னும் செய்யவில்லை. மேடை துடைக்க ஒன்று, பாத்திரம் துடைக்க ஒன்று, சூடான பாத்திரம் பிடிக்கக் கரித்துணி ஒன்று என்று தனித்தனியாக வைத்து, வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு சுருட்டிப் போட்ட துணி கிருமிக்கூடு. அந்த ஒரு விஷயத்தில் டிஷ்யூ விற்பவர் சொல்வது நியாயம்.

வடைக்கு மட்டும் சிக்கல். எண்ணெய் வடிய முன்பெல்லாம் செய்தித்தாள்தான் விரிப்போம். அச்சு மையில் உடம்புக்கு ஆகாதவை இருப்பதால் உணவைச் செய்தித்தாளில் வைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் எச்சரித்தது; 2018-ஆம் ஆண்டு விதிகளில் அது தடையாகவே வந்தது. அந்த இடத்தில்தான் கிச்சன் ரோல் கம்பீரமாக வந்து உட்கார்ந்தது. ஓட்டைத் தட்டில் வடியவிட்டு, அதன் மேல் வாழையிலைத் துண்டு போட்டுப் பரிமாறுவது ஒன்றும் மறந்துபோன வித்தை அல்ல. அப்பளம் ஒன்றுக்குத்தான் தாள் வேண்டியிருக்கும்.

கடையில் நிற்கும்போது

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவது கொஞ்சமாவது இருக்கும். அந்தக் கொஞ்சத்தை எப்படி வாங்குவது?

பாக்கெட்டில் ‘100% வர்ஜின் பல்ப்’ என்று பெரிய எழுத்தில் பெருமையாகப் போட்டிருந்தால், மறுசுழற்சி இழை துளியும் இல்லை, எல்லாமே புதிதாய் எடுத்த கூழ் என்று பொருள். ஒரு நிமிடம் துடைத்துத் தூக்கியெறியப் புதுக்கூழ் எதற்கு? கழிவறைக்கும் கை துடைக்கவும் மறுசுழற்சித் தாளே போதும். உணவைத் தொடுகிற தாள் என்றால் மட்டும் கவனம் வேண்டும். பழைய அலுவலகக் காகிதத்தில் வெண்மை கூட்டும் ரசாயனம் இருக்கும். கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு கல்லாவில் இருந்தால் அதன் கீழ் தாளைக் காட்டினாலே தெரியும். அது சலவைச் சட்டைபோல நீலமாய்ப் பளிச்சிட்டால் வடைக்கு அடியில் விரிக்க வேண்டாம்.

வெண்மையும் ஒரு செலவுதான். பழைய முறையில் குளோரின் வாயுவால் வெளுத்தபோது டையாக்சின் போன்ற நஞ்சுகள் ஆற்றுக்குப் போயின. இப்போது பெரிய ஆலைகள் பல குளோரின் டையாக்சைடுக்கு மாறிவிட்டன. அதில் கேடு குறைவு. வெளுக்காத பழுப்புத் தாள் துடைப்பதில் எந்தக் குறையும் வைக்காது. வாசனை, பூப்போட்ட அச்சு இவை காசுக்குக் கேடு.

காடுகளுக்குச் சான்றளிக்கும் எஃப்.எஸ்.சி. அமைப்பின் முத்திரையில் மூன்று வகை உண்டு. ‘ரீசைக்கிள்டு’ என்றால் மறுசுழற்சி இழை. ‘100%’ என்றால் சான்றளித்த காட்டிலிருந்து வந்தது. ‘மிக்ஸ்’ என்றால் கலவை. கடையில் அதிகம் கண்ணில் படுவது மூன்றாவது. முத்திரை கொடுத்தால் கொடுத்ததுதான் என்றும் இல்லை: இந்தோனேசியாவின் ஏஷியா பல்ப் அண்ட் பேப்பர் நிறுவனத்தோடு 2007-இல் அந்த அமைப்பு உறவையே முறித்துக்கொண்டது. நம் அரசுக்கும் ‘ஈகோமார்க்’ என்றொரு சூழல் முத்திரை இருக்கிறது, சின்னம் மண்பானை. 1991-இல் வந்த திட்டம், காகிதமும் அதன் பட்டியலில் உண்டு. வாங்குகிறவர்களுக்கும் தெரியாமல் விற்கிறவர்களுக்கும் தேவைப்படாமல் முப்பது ஆண்டைக் கடத்தியது. 2024 செப்டம்பரில் புதிய விதிகள் அறிவித்திருக்கிறார்கள். கிருஷ்ணகிரிக் கடை அலமாரியில் மண்பானையைக் கண்டால் அந்தப் பாக்கெட்டை எடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை.

விலை பார்க்கையில் பாக்கெட் எண்ணிக்கை ஏமாற்றும். ‘100 தாள்’ என்பார்கள். தாள் உள்ளங்கை அளவு இருக்கும். இரண்டு அடுக்குத் தாளை எண்ணும்போது இருநூறாகவும் எண்ணுவார்கள். எடையைப் பார்த்து, கிராமுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால்தான் உண்மை தெரியும். சிறு பாக்கெட்டுகளாகச் சுற்றிய பிளாஸ்டிக் உறையை விட, அட்டைப்பெட்டியோ காகித உறையோ மேல். தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்து, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது. காய் வாங்க மஞ்சப்பையை மறக்காமல் எடுத்துப் போகிறவர்கள், அதற்குள்ளேயே பிளாஸ்டிக் சுற்றிய டிஷ்யூவைப் போட்டுக்கொண்டு திரும்புவதும் நடக்கிறது.

வீட்டைவிடத் தாராளம் ஓட்டலிலும் கல்யாண மண்டபத்திலும்தான். பந்தியில் இலைக்கு ஒரு டிஷ்யூ வைப்பது இப்போது மரியாதை ஆகிவிட்டது. பாதிப் பேர் தொடாமலே எழுந்து போகிறார்கள், இலையோடு சேர்ந்து அதுவும் சுருட்டப்படுகிறது. கை அலம்பும் இடத்தில் மட்டும் டிஷ்யூ வைத்தால் வேண்டியவர் மட்டும் எடுப்பார். மண்டபக்காரருக்குச் செலவும் குறையும். மேசை மேல் பிரமிடு போலச் செருகுவதற்குப் பதில், ஒவ்வொன்றாக உருவும் பெட்டி வைத்தாலே ஓட்டலில் நாலு ஒன்றாகக் குறையும்.

பயன்படுத்திய தாளைப் பழைய பேப்பர்க்காரர் எடுக்க மாட்டார். இழை ஏற்கெனவே நைந்தது, மேலே எண்ணெயும் சோறும். ஆனால் சமையலறையில் உணவை மட்டும் துடைத்த தாள் உரக்குழிக்கு நல்ல தீனி. சூளகிரி கொத்தமல்லித் தண்டு, மாம்பழத் தோல், தக்காளிக் கழிவு என்று இந்த வட்டாரத்துக் குப்பை ஈரம் கூடியது. அதன் நாற்றத்தை அடக்கக் காய்ந்த சருகு மாதிரி ஏதாவது வேண்டும். தாளைக் கிழித்து இடையிடையே போட்டால் அந்த வேலையைச் செய்யும். தரை துடைக்கும் திரவம், பினாயில், நகப்பூச்சு அகற்றும் திரவம் பட்ட தாளும் சளி துடைத்ததும் அதில் சேரக் கூடாது. அவை தனிப் பொட்டலமாக ஊராட்சித் தூய்மைக் காவலரின் வண்டிக்கு. வெட் வைப்ஸும் அதே பொட்டலத்தில்.